கடைசி ஊருக்கு டிக்கெட் எடுத்துட்டோம்!



போன அறிவியல் மன்றக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். "அடுத்த வருஷ கண்காட்சியிலிருந்து, இணையத்தில் இருக்கிற கணிப்பான்கள் கொடுக்கும் எண்ணை யாரும் சார்ட்டில் எழுதக் கூடாது. பாடப்புத்தகத்தில் உள்ளதை மட்டும்தான் எழுதணும்." இதுதான் அந்த யோசனை. நிறைய பேர் கை தூக்கினார்கள். இன்னும் முடிவாகவில்லை, அடுத்த கூட்டத்தில்தான் முடிவு.

இந்த யோசனை வந்ததற்குக் காரணமே எங்கள் சார்ட்தான். அதனால் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு. ஒன்றுக்கு இரண்டு தாளாக எழுத இடம் கொடுத்த ஆசிரியர் குழுவுக்கு நன்றி. (கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருந்தால் மன்னிக்கவும்.)

முதலில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். கண்காட்சிக்கு வராதவர்கள் ஆளுக்கொரு கதை சொல்லிக் கொண்டிருக்கிறார்கள்.

நாங்கள் நாலு பேர் எடுத்துக் கொண்ட தலைப்பு "சிரியஸ்". இரவு வானில் தெரியும் விண்மீன்களிலேயே பிரகாசமானது. தூரம் 8.6 ஒளியாண்டுதான், பக்கத்து வீடு மாதிரி. அதைச் சுற்றி 'சிரியஸ் பி' என்று ஒரு குட்டித் துணை விண்மீன் இருக்கிறது. அளவில் பூமியளவு, எடையிலோ ஏறக்குறைய சூரியன். வெண்குள்ளன் வகை. வெண்குள்ளன் எவ்வளவு கனம் வரை தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் பெயரைத்தான் 1999-ல் விண்ணுக்குப் போன சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கிக்கு வைத்தார்கள். அந்த சந்திரா சிரியஸைப் படம் பிடித்தபோது தலைகீழ் அதிசயம்! நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் பெரிய சிரியஸ் மங்கல், குட்டி சிரியஸ் பி-தான் பளிச். அந்தப் படத்தை கலர் பிரிண்ட் எடுத்து சார்ட்டின் நட்ட நடுவில் ஒட்டினோம். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

படம் மட்டும் போதாது, கணக்கும் இருந்தால்தான் பரிசு கிடைக்கும் என்று சொன்னது நான். விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயு எக்ஸ் கதிர்களை எவ்வளவு தடுக்கும் என்று கணக்குப் போடலாம் என்று சொன்னதும் நான். அதற்குத்தான் அந்த இணையக் கணிப்பானைத் தேடிப் பிடித்தோம். நாசாவின் கோடார்டு விண்வெளி மையத்தில் 'ஹீசார்க்' என்ற பிரிவு வைத்திருப்பது. விண்மீனின் பெயரை அடித்தால் போதும், அந்தத் திசையில் எவ்வளவு ஹைட்ரஜன் இருக்கிறது என்று சில நொடிகளில் சொல்லிவிடும்.

கம்ப்யூட்டர் லேபில் என் நண்பன்தான் டைப் பண்ணினான். விடை வந்தது. பார்த்ததும் அவன், "டேய், எர்ரர்னு வருதுடா!" என்று கத்தினான். நம்ம கால்குலேட்டரில் பூஜ்யத்தால் வகுத்தால் 'ஈ' என்று வருமே, அதே மாதிரி எண்ணுக்கு நடுவில் ஒரு ஆங்கில 'ஈ' எழுத்து. அப்புறம் கம்ப்யூட்டர் மிஸ்தான் சொன்னார்கள், அது எர்ரர் இல்லை, பத்தின் அடுக்கு என்று. 'ஈ'க்குப் பின்னால் 21 என்று இருந்தால் பத்தின் அடுக்கு 21. அதாவது கோடி கோடி கோடி! ஒரு கோடியை எழுதி, அதைக் கோடியால் பெருக்கி, மறுபடியும் கோடியால் பெருக்கினால் வருவது 10²¹. எங்களுக்கு வந்தது அந்த அளவிலான எண். சார்ட்டில் எழுத வசதியாக 10²¹ என்றே எழுதினோம்.

இது என்ன எண்? கையில் ஒரு சதுர செ.மீ. அட்டையை வைத்துக் கொள்ளுங்கள். அதன் மேல் ஒரு தூண் எழுப்புவதாக நினையுங்கள். அந்தத் தூண் பால்வீதியின் ஓரம் வரைக்கும் போகிறது. அந்தத் தூணுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்களின் மொத்த எண்ணிக்கைதான் அது. தூண் அடர்த்தி என்று வைத்துக் கொள்ளலாம். கோடி கோடி கோடி என்றதும் பயப்படாதீர்கள். அவ்வளவு அணுவையும் எடை போட்டால் 1.7 மில்லிகிராம்தான் வரும். ஏறக்குறைய ஒரு கடுகு! அதே ஒரு சதுர செ.மீ. பரப்புக்கு நம் தலைக்கு மேலே நிற்கும் காற்றின் எடை ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் மேல். ஆனால் கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது இங்கேயும் உண்மை. 0.25 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள மென்மையான எக்ஸ் கதிருக்கு, ஒரு ஹைட்ரஜன் அணுவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்ட தடுப்புப் பரப்பு சுமார் 4.6 × 10⁻²¹ சதுர செ.மீ. (ஹைட்ரஜனோடு கலந்திருக்கும் ஹீலியம் முதலானவற்றின் பங்கும் இதற்குள் சேர்ந்திருக்கிறது. எக்ஸ் கதிரைத் தடுப்பதில் பெரிய கை அவர்களுடையதுதான், ஹைட்ரஜன் பெயர் வாங்கிக் கொள்கிறது.) இதை 10²¹ ஆல் பெருக்கினால் 4.6. அடுக்குக்குறிச் சார்பில் போட்டால் நூற்றுக்கு ஒரு பங்குதான் தப்பி வரும்.

அதைத்தான் சிவப்பு ஸ்கெட்சில் கொட்டை எழுத்தில் எழுதினோம்: "சிரியஸ் பி-யின் மென் எக்ஸ் கதிர்களில் 100-க்கு 99 பங்கு வழியிலேயே மறைந்துவிடும்!"

கண்காட்சி அன்று பெரியவர்கள் நிறைய பேர் வந்து பார்த்தார்கள். "வெரி குட்" என்றார்கள். மத்தியானம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். படத்தைப் பார்த்தாள், எழுத்தைப் படித்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். "அண்ணா, எல்லாம் வழியிலேயே மறைஞ்சிடும்னா, இந்தப் படத்துல எப்படி இதுதான் பளிச்சுனு தெரியுது?" என்று கேட்டாள்.

எங்களிடம் பதில் இல்லை. பக்கத்தில் நின்ற நடுவர் சிரித்துவிட்டார். பரிசு போனது பெரிய விஷயமில்லை. அன்றைக்கு சாயங்காலமே "எர்ரர்" என்று என் நண்பனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவன் டைப் பண்ணியதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. எண்ணை எடுத்து அந்த இடத்தில் போட்டவன் நான், சிவப்பு ஸ்கெட்சில் எழுதியவன் நான். அந்தக் கேலி எனக்கு வந்திருக்க வேண்டியது. இதைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆனது. சிரியஸ் விஷயத்தில் சீரியஸாக இல்லாமல் போனது அவன் இல்லை.

சரி, தப்பு எங்கே? கணிப்பான் தப்பா? கூட்டத்தில் அப்படித்தான் பேசினார்கள். "நெட்ல வர்றதெல்லாம் நம்பலாமா?" என்று ஒரு பக்கம். "நாசாவே சொல்லுதுன்னா அது எப்படிப்பா தப்பாகும்?" என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் எனக்கு ஒத்துக் கொள்ள முடியவில்லை.

பஸ்ஸில் ஏறுகிறீர்கள். கண்டக்டரிடம் எங்கே இறங்கணும் என்று சொல்லாமல் "டிக்கெட் கொடுங்க" என்கிறீர்கள். அவர் கடைசி ஊர் வரைக்கும் கிழித்துக் கொடுக்கிறார். நீங்கள் இறங்கப் போவதோ அடுத்த ஸ்டாப். டிக்கெட்டில் போட்டிருக்கும் கட்டணம் தப்பா? இல்லையே, கடைசி ஊருக்கு அதுதான் சரியான கட்டணம். அந்தக் கணிப்பான் எப்போதுமே கடைசி ஊருக்குத்தான் டிக்கெட் கொடுக்கும். பால்வீதியின் ஓரம் வரைக்கும், அந்தத் திசையில் பல ஆயிரம் ஒளியாண்டுகளுக்கு உள்ள மொத்த ஹைட்ரஜனையும் அது கூட்டிச் சொல்லும். சிரியஸோ 8.6 ஒளியாண்டில் இறங்கிவிடுகிறது. சிரியஸுக்கும் நமக்கும் நடுவில் உண்மையில் இருப்பது 10¹⁸-க்கும் குறைவு. ஹப்பிள் தொலைநோக்கியின் புற ஊதா நிறமாலையிலிருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். நாங்கள் போட்டதைவிட ஆயிரம் மடங்கு குறைவு! அதைப் போட்டுப் பார்த்தால் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தடுக்கப்படாது. நாங்கள் "ஒன்றுதான் வரும்" என்று எழுதினோம், நிஜத்தில் "ஒன்றுகூட நிற்காது".

அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் கொடுக்க அந்தக் கணிப்பானுக்கு ஏன் முடியாது? இங்கேதான் எனக்கு சுவாரசியமே ஆரம்பித்தது. அது எப்படி எண்ணுகிறது என்று தெரிந்தால் இது புரிந்துவிடும்.

ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான். இரண்டுக்கும் தற்சுழற்சி உண்டு. இரண்டும் ஒரே பக்கம் பார்த்திருந்தால் ஆற்றல் ஒரு துளி அதிகம். எதிரெதிராகத் திரும்பினால் குறைவு. அப்படித் திரும்பும்போது அந்தத் துளி ஆற்றல் 21 செ.மீ. அலைநீளமுள்ள ரேடியோ அலையாக வெளியே வரும். ரெக்கார்டு வேலைக்கு வாங்கும் ஏ4 தாளை எடுத்துப் பாருங்கள், அதன் அகலம் சரியாக 21 செ.மீ. அவ்வளவு நீள அலை. ஒரு அணு தானாகத் திரும்புவதற்குச் சராசரியாக ஒரு கோடி வருஷத்துக்கும் மேல் ஆகும். ஆனால் அணுக்கள் கோடி கோடி கோடியாக இருப்பதால் எந்த நேரமும் எங்கோ சிலது திரும்பிக் கொண்டே இருக்கின்றன, வானம் முழுக்க அந்த ஓசை கேட்டுக் கொண்டே இருக்கிறது.

இப்படி ஒரு அலை வரும் என்று 1944-ல் கணித்துச் சொன்னவர் நெதர்லாந்தின் வான் டி ஹல்ஸ்ட். அப்போது அங்கே போர்க்காலம். 1951 மார்ச் 25 அன்று முதன்முதலில் அதைப் பிடித்தவர்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஈவனும் பர்செல்லும். அதற்கு அவர்களுக்குக் கிடைத்த நிதி 500 டாலர். ஈவன் பலகையில் ஒரு பெரிய கொம்பு ஆன்டெனா செய்து ஜன்னல் வழியாக வெளியே நீட்டி வைத்தார். மழை பெய்தால் தண்ணீர் கொம்பு வழியாக உள்ளே வந்துவிடுமாம். பனிக்காலத்தில் மாணவர்கள் அதற்குள் பனி உருண்டைகளை எறிந்து விளையாடினார்களாம். (நம்ம பசங்க மட்டும்தான் இப்படி என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம்!)

இப்போது அந்தக் கணிப்பானுக்குப் பின்னால் இருப்பது 2016-ல் வெளியான முழு வான வரைபடம். ஜெர்மனியில் எஃபெல்ஸ்பெர்க்கில் உள்ள 100 மீட்டர் தட்டும், ஆஸ்திரேலியாவில் பார்க்ஸில் உள்ள 64 மீட்டர் தட்டும் சேர்ந்து எடுத்தது. வட வானத்துக்கு ஒன்று, தென் வானத்துக்கு ஒன்று. ஒவ்வொரு திசையிலும் 21 செ.மீ. அலை எவ்வளவு வலுவாக வருகிறது என்று வேகவாரியாக அளந்து, மொத்தத்தையும் கூட்டி, 1.823 × 10¹⁸ என்ற எண்ணால் பெருக்கினால் தூண் அடர்த்தி வந்துவிடும். வலுவைக் கெல்வினிலும், வேகத்தை நொடிக்கு இத்தனை கி.மீ. என்றும் போட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. பத்தாம் வகுப்பு மாணவன்கூடப் போடலாம். ஆனால் அளப்பதற்கு அந்த இரண்டு ராட்சதத் தட்டுகள் வேண்டும்!

கவனியுங்கள், அந்த ரேடியோ அலை "நான் இத்தனை ஒளியாண்டு தூரத்திலிருந்து வருகிறேன்" என்று சொல்லாது. பக்கத்து வாயுவின் அலையும் தூரத்து வாயுவின் அலையும் ஒன்றாகக் கலந்து வந்து சேரும். கண்டக்டருக்கு உங்கள் ஸ்டாப் எது என்றே தெரியாது. அவர்மேல் கோபப்பட்டு என்ன பயன்?

அதே கணிப்பானில் '3சி 273' என்று அடித்துப் பார்த்தோம். கன்னி விண்மீன் குழுவில் தெரியும் குவாசர். 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. 1963-ல் மார்ட்டன் ஷ்மிட் அதன் செம்பெயர்ச்சியைக் கண்டுபிடித்தார். அதற்கு 2 × 10²⁰-க்குக் கொஞ்சம் குறைவாக விடை வந்தது. இங்கே அந்த எண் கச்சிதமாகப் பொருந்தும். ஏனென்றால் குவாசர் பால்வீதிக்கு வெளியே இருக்கிறது, அதன் எக்ஸ் கதிர் பால்வீதி முழுக்கக் கடந்துதான் நம்மிடம் வர வேண்டும். கடைசி ஊரிலிருந்து வருகிறவருக்குக் கடைசி ஊர் டிக்கெட் சரிதானே? எக்ஸ் கதிர் ஆராய்ச்சியாளர்கள் இதற்காகத்தான் அந்தக் கணிப்பானைத் தேடிப் போகிறார்கள். 2015 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நம்ம ஆஸ்ட்ரோசாட்டில் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி இருக்கிறது. அது பார்த்த தூரத்து விண்மண்டலங்களை ஆராயும்போதும் இந்த மாதிரி எண் இல்லாமல் கணக்கு நகராது.

சப்தரிஷி மண்டலப் பக்கம் 'லாக்மன் ஓட்டை' என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே 10²⁰-ஐக்கூட எட்டாது. ஹைட்ரஜன் மிகக் குறைவாக உள்ள ஜன்னல். தூரத்து எக்ஸ் கதிர் மூலங்களைத் தேடுகிறவர்கள் அந்த ஜன்னல் வழியாகத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். பால்வீதியின் மையத்துப் பக்கம் திருப்பினால் 10²²-ஐத் தாண்டிவிடும். இந்த மூன்று இடங்களையும் அடித்துப் பார்த்த ஒரு மத்தியானத்தில் எனக்குப் பால்வீதியின் உருவமே கொஞ்சம் பிடிபட்டது. புத்தகத்தில் தட்டு வடிவம் என்று படித்திருக்கிறோம். தட்டின் வழியாகப் பார்த்தால் எண் ஏறுகிறது, தட்டுக்கு வெளியே பார்த்தால் இறங்குகிறது. தடை போடணும் என்று கை தூக்கியவர்கள், இதை எந்தப் பக்கத்தில் படித்துத் தெரிந்து கொள்ளச் சொல்கிறீர்கள்?

"நாசாவே சொல்லுது" கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. அந்த எண்ணுக்குள் இன்னும் சில சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. அந்த 2016 வரைபடம் வானத்தை 16.2 கலைநிமிட அகலத்தில்தான் பார்க்கிறது. அதாவது முழு நிலாவின் பாதி அகலம். அதற்குள் ஒரு சின்ன அடர்ந்த மேகம் இருந்தாலும் சராசரியில் கரைந்து போய்விடும். மாவட்டத்தில் சராசரி மழை இத்தனை மி.மீ. என்று செய்தியில் சொல்வார்கள், நம்ம தெரு காய்ந்து கிடக்கும், அந்த மாதிரி. 2005-ல் வந்த முந்தைய வரைபடம் இதைவிட அகலம், அரைப் பாகைக்கும் மேல். எந்த வரைபடம் வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதைப் பொறுத்து அதே இடத்துக்கு வேறு வேறு எண் வரலாம். எங்கள் சார்ட்டில் எந்த வரைபடம் என்று எழுதினோமா? இல்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதே அப்போது தெரியாது.

இன்னொன்று. 1.823 என்று பெருக்கும்போது, வாயு தன் அலையைத் தானே மறைக்காது என்று நினைத்துக் கொண்டுதான் பெருக்குகிறார்கள். குளிர்ந்த அடர்த்தியான மேகமாக இருந்தால் பின்னால் உள்ள அணுவின் அலையை முன்னால் உள்ள அணு விழுங்கிவிடும், எண் குறைவாக வரும். கூட்டத்தில் பின் வரிசைப் பையன் "உள்ளேன் ஐயா" சொல்வது சாருக்குக் கேட்காத மாதிரி. அப்புறம் இரண்டிரண்டாகக் கைகோர்த்து மூலக்கூறாகிவிட்ட ஹைட்ரஜன் 21 செ.மீ. அலையே விடாது. அது கணக்கில் வரவே வராது, ஆனால் எக்ஸ் கதிரைத் தடுக்க மட்டும் வந்து நிற்கும். 2013-ல் வில்லிங்கேல் என்பவரும் சக ஆய்வாளர்களும் இந்த மூலக்கூறு ஹைட்ரஜனையும் சேர்த்துக் கணக்கிட ஒரு வழி சொன்னார்கள். ஆக, ஒரே எண் ஒருவருக்கு அதிகமாகவும் இன்னொருவருக்குக் குறைவாகவும் இருக்கலாம். அதைத் தெரிந்து கொண்டுதான் விஞ்ஞானிகள் பயன்படுத்துகிறார்கள். நாங்கள் தெரியாமல் பயன்படுத்தினோம்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். தடை வேண்டாம்.

கூட்டத்தில் ஒரு அண்ணன் கேட்டார்: "உங்களுக்கே புரியாததை எதுக்குப்பா எழுதணும்?" நியாயமான கேள்விதான். ஆனால் நாம் பிளஸ் டூவில் கிளார்க் டேபிள் பார்க்கிறோமே, அதில் உள்ள நாலு இலக்க எண்களை யாராவது தானே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறோமா? மடக்கைப் பக்கம் பார்க்க வேண்டிய இடத்தில் எதிர்மடக்கைப் பக்கம் பார்த்துவிட்டு வாயில் ஈ போனது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் வகுப்புக்கு நாலு பேர் உண்டு. (நானும் ஒருத்தன்.) அதற்காக யாரும் கிளார்க் டேபிளுக்குத் தடை போடவில்லை. "எந்தப் பக்கம் பார்த்தே?" என்று சார் கேட்கிறார். அந்தக் கேள்வியைத்தான் இங்கேயும் கேட்கணும் என்கிறேன்.

பாடப்புத்தகத்தில் உள்ளதை மட்டும் எழுதினால் தப்பு வராது என்பதும் எனக்குச் சந்தேகம்தான். சிரியஸின் தூரம் 8.6 ஒளியாண்டு என்று சார்ட்டில் எழுதியிருந்தோம். கடன் வாங்கிய எண்தான், ஆனால் சரியான எண். அந்தச் சரியான எண்ணும், கணிப்பான் கொடுத்த சரியான எண்ணும் ஒரே சார்ட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. 8.6 ஒளியாண்டு எங்கே, பால்வீதியின் ஓரம் எங்கே என்று நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இரண்டு சரியான எண்களைச் சேர்த்து ஒரு தப்பான வாக்கியம் எழுதியது நாங்கள். அதைத் தடையால் தடுக்க முடியுமா?

அதற்குப் பதிலாக ஒன்று செய்யலாம். சார்ட்டில் எந்த எண்ணை எழுதினாலும், அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். எங்கள் எண்ணுக்கு அந்த வரி இப்படி இருந்திருக்க வேண்டும்: "பால்வீதியின் ஓரம் வரை உள்ள மொத்த நடுநிலை ஹைட்ரஜன், 2016 வரைபடம், பாதி நிலா அகலச் சராசரி." இந்த வரியை எழுத உட்கார்ந்திருந்தாலே "ஓரம் வரையா? நம்ம சிரியஸ் இங்கேயே இருக்கே!" என்று எங்களில் ஒருவருக்காவது தோன்றியிருக்கும். தோன்றாமல் போயிருந்தாலும் நடுவர் ஐயாவுக்குத் தோன்றியிருக்கும். வரி எழுத முடியவில்லை என்றால் அந்த எண்ணை எழுத வேண்டாம், அவ்வளவுதான். இது பாடப்புத்தக எண்ணுக்கும் பொருந்தட்டும், ஓரவஞ்சனை வேண்டாம்.

இதனால் சார்ட்டில் இடம் போதாது, அழகு கெட்டுவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஓரத்தில் பூ வரைய இடம் இருக்கிறது, ஒரு வரிக்கு இல்லையா?

பிசிக்ஸ் சாரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பிடிகொடுக்கவில்லை. "எழுதி ஒட்டு, படிக்கிறவங்க முடிவு பண்ணட்டும்" என்றார். அதனால்தான் இந்தத் தாள். ஆமாம், சார் இன்னொரு விஷயமும் சொன்னார். நம்ம ஊட்டியில் 1970-லிருந்து வேலை செய்யும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியால் இந்த அலையைக் கேட்க முடியுமா என்று கேட்டேன். அது 326.5 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது, பால்வீதி ஹைட்ரஜன் பேசுவதோ 1420-ல், அதனால் கேட்காது என்றார். புனே பக்கத்தில் கொடத்தில் இருக்கும் 30 ஆன்டெனாக்கள் கொண்ட ஜி.எம்.ஆர்.டி. 1420-லும் கேட்குமாம். ஆனால் 1420-ஐ 326.5 ஆல் வகுத்துப் பார் என்றார். 4.35 வந்தது. பிரபஞ்ச விரிவால் அலைநீளம் அத்தனை மடங்கு நீண்டு வரும் அளவுக்குத் தொலைவில் உள்ள ஹைட்ரஜன் பேசினால் ஊட்டியின் அலைவரிசையில் வந்து விழும்! சார் அதற்கு மேல் சொல்லவில்லை, மணி அடித்துவிட்டது. இதைப் பற்றி வேறு யாராவது எழுதுங்களேன்.

அந்த ஏழாம் வகுப்புத் தங்கையைப் போன செவ்வாய்க்கிழமை பார்த்தோம். நாலு பேருமாகப் போய் அவள் கேள்விக்குப் பதில் சொன்னோம். பஸ் டிக்கெட் கதையைச் சொன்னதும் புரிந்துகொண்டாள். புரிந்ததும் அடுத்த கேள்வி: "அப்ப சிரியஸுக்குப் பின்னாடி இருக்கிற வாயு எவ்வளவுன்னு தெரிஞ்சா, முன்னாடி இருக்கிறதைக் கழிச்சுக் கண்டுபிடிக்கலாம் இல்லண்ணா?" என்றாள். மொத்தம் 10²¹, முன்னால் உள்ளது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கழித்தால் மிஞ்சுவது அளவீட்டுப் பிழைக்குள்ளேயே மூழ்கிவிடும் என்று பதில் சொல்ல எங்களுக்கு ஒரு நாள் பிடித்தது.

எங்கள் சார்ட் இப்போதும் பிசிக்ஸ் லேப் கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. சிவப்பு எழுத்தை அழிக்கவில்லை. அதன் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு, கீழே திருத்தத்தை என் பெயரோடு எழுதியிருக்கிறேன், கணக்குப் போட்டவன் நான் என்றும் சேர்த்து. பக்கத்தில் நூலில் ஒரு பென்சில் கட்டி வைத்திருக்கிறோம். இன்னும் தப்பு இருந்தால் எழுதுங்கள். என் நண்பனை மட்டும் அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

– பன்னிரண்டாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்